கெர்னல் கம்பைல் போட்டு மெஷின் வேகத்தை அளக்கறது எப்படி (கோத்தகிரி குளிர்ல நான் ஏமாந்த கதையும் சேர்த்து)

போன ஜனவரில பக்கத்து வீட்டு தம்பி ஒருத்தன் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு வாங்கிட்டு வந்து, “அண்ணா, இது தேறுமா தேறாதான்னு ஒரு வாட்டி பாத்து சொல்லுங்க”ன்னு கையில குடுத்தான். 4 கோர், 8 த்ரெட், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. நான் வழக்கம்போல லினக்ஸ் கெர்னலை (லினக்ஸோட மையமான புரோகிராம்) எறக்கி கம்பைல் போட்டு (எழுதின கோடை மெஷினுக்கு புரியற மாதிரி மாத்தறது) பாத்தேன், 6 நிமிஷம் 10 செகண்ட்ல முடிஞ்சுது, இந்த மாதிரி பிராசசருக்கு அது நல்ல டைம்தான், கண்ண மூடிக்கிட்டு வெச்சுக்கடான்னு சொல்லிட்டேன். ஏப்ரல்ல மேட்டுப்பாளையத்துல இருந்து போன் பண்றான், “அண்ணா, நீங்க சொன்ன அதே கமாண்டத்தான் போடறேன், 9 நிமிஷத்துக்கு மேல ஆகுது, கடைக்காரரு ஏமாத்திட்டாரா?”

கடைக்காரர் ஏமாத்தல. நான்தான் ஏமாந்தேன். கோத்தகிரில ஜனவரி மாசம் காலைல ஆறரை மணி, செவுத்துல மாட்டியிருக்கற தெர்மாமீட்டர் 11 டிகிரி காட்டுது, அந்த ரூம்ல உக்காந்து எடுத்த டைமை மேட்டுப்பாளையத்து வெயிலுக்கும் செல்லும்னு நெனச்சுட்டேன். அதுக்கப்புறம் இந்த டெஸ்ட்டை எப்படி போடணும்னு ஒரு ஒழுங்கு வெச்சுக்கிட்டேன், அதைத்தான் இங்க எழுதறேன். கமாண்ட் எல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதறேன், நீங்க அடிக்கறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

மொதல்ல, பெஞ்ச்மார்க் சாஃப்ட்வேர் ஆயிரம் இருக்கறப்ப எதுக்கு கம்பைல்? ஏன்னா அது நெசமான வேலை. கெர்னல்ல ஆயிரக்கணக்கான சின்ன சின்ன சி ஃபைல் இருக்கு, ஒவ்வொண்ணையும் தனித்தனியா கம்பைல் பண்ணலாம், ஒண்ணு இன்னொண்ணுக்காக காத்திருக்க வேண்டியதில்ல, அதனால எத்தனை கோர் இருந்தாலும் அத்தனைக்கும் வேலை கெடைக்கும். அதே நேரம் கேஷ் (பிராசசருக்குள்ளயே இருக்கற சின்ன, வேகமான மெமரி), ராம், டிஸ்க், புதுசு புதுசா பிராசஸ் தொடங்கற வேகம்னு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் அடி வாங்கும். வெறும் கூட்டல் பெருக்கல் போட்டு ஸ்கோர் காட்டற புரோகிராம்ல இதெல்லாம் தெரியாது. ஆனா ஒண்ணு, இது கேம் ஆடறவங்களுக்கான டெஸ்ட் இல்ல, கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் இது எட்டிக்கூட பாக்காது.

சரி, எப்படின்னு பாப்போம். கெர்னல் சோர்ஸை அதோட சொந்த சைட்ல இருந்தே எறக்கிக்கங்க, ஆனா எது இன்னைக்கு புதுசோ அதை எறக்காதீங்க, ஒரே ஒரு வெர்ஷனை புடிச்சுக்கிட்டு அதையே காலத்துக்கும் வெச்சுக்கங்க. நான் 6.6 வெச்சிருக்கேன், 2023 அக்டோபர்ல வந்தது, ரொம்ப நாள் சப்போர்ட் இருக்கற வெர்ஷன். சுருக்கி வெச்ச ஃபைலே 130 எம்பிக்கு மேல, விரிச்சா ஒரு ஜிபி தாண்டிடும், அதனால மழைக்காலத்துல எங்க ஊர் நெட்டை நம்பி ஒவ்வொரு வாட்டியும் எறக்கற வேலை எனக்கு ஆகாது, பென் டிரைவ்ல போட்டு பைலயே வெச்சிருக்கேன். இன்னைக்கு 6.6, அடுத்த வருஷம் 6.12ன்னு மாத்திக்கிட்டே போனீங்கன்னா சோர்ஸே பெருசாயிடும், பழைய நம்பரை புது நம்பரோட வெச்சு பாக்கவே முடியாது.

உபுண்டு, டெபியன்ல பில்ட்-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, லிப்எல்ஃப்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ் இதெல்லாம் போட்டுக்கங்க, இல்லேன்னா பாதி வழில எரர் அடிச்சு நிக்கும். விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி) வெச்சு பண்றவங்க சோர்ஸை சி டிரைவ்ல வெக்காதீங்க, லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டர்ல வைங்க. சி டிரைவை அங்கிருந்து தொடறப்ப சின்ன ஃபைல்களுக்கு ரொம்ப மெதுவா ஓடும், அப்புறம் நீங்க அளக்கறது பிராசசரை இல்ல, அந்த நடுவுல இருக்கற பாலத்தை.

அடுத்தது கான்ஃபிக். இங்கதான் பாதிப்பேர் கோட்டை விடறாங்க. கெர்னல்ல எதெதை சேர்த்து கம்பைல் பண்ணணும்னு சொல்ற லிஸ்ட் அது. மேக் டெஃப்கான்ஃபிக்னு குடுங்க, போதும். பூட் ஃபோல்டர்ல இருக்கற உங்க டிஸ்ட்ரோவோட (உபுண்டு, டெபியன் மாதிரி) கான்ஃபிக்கை காப்பி பண்ணாதீங்க, அதுல உலகத்துல இருக்கற டிரைவர் மொத்தமும் இருக்கும், பழைய மெஷின்ல மணிக்கணக்கா ஓடும். லோக்கல்மாட்கான்ஃபிக் அதைவிட மோசம், அந்த மெஷின்ல அப்ப என்ன மாட்யூல் லோட் ஆகியிருக்கோ அதை வெச்சு லிஸ்ட் போடும், அப்ப ரெண்டு மெஷின்ல ரெண்டு வேற வேலை, எதை எதோட கம்பேர் பண்றது? இன்னொரு குழி, ராஸ்பெர்ரி பை மாதிரி ஆர்ம் பிராசசர் இருக்கற குட்டி போர்டுல மேக் டெஃப்கான்ஃபிக் போட்டா அது ஆர்ம் லிஸ்ட்டை எடுக்கும், 64 பிட் ஆர்ம் லிஸ்ட் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) லிஸ்ட்டைவிட ரொம்ப பெருசு, அதைப் பாத்துட்டு “பை இவ்ளோ மட்டமா”ன்னு திட்டறது நியாயமே இல்ல. கம்பைலரும் அதே மாதிரிதான், ஒரு மெஷின்ல ஜிசிசி 9, இன்னொண்ணுல ஜிசிசி 13ன்னா டைம் மாறும். பென் டிரைவ்ல ஒரு லைவ் லினக்ஸ் வெச்சு அதுல இருந்தே பூட் பண்ணி டெஸ்ட் போட்டா இந்த தலைவலி மொத்தமா போயிடும், நான் இப்ப அப்படித்தான் பண்றேன், என்ன, சோர்ஸை மட்டும் பென் டிரைவ்லயே விட்டுடாதீங்க, ராம்லயோ எஸ்எஸ்டிலயோ எடுத்து வைங்க.

சிகேஷ் போட்டிருந்தா அணைச்சுடுங்க. அது போன வாட்டி கம்பைல் பண்ணதை எடுத்து வெச்சுக்கிட்டு அப்படியே திருப்பிக் குடுக்கற ஆளு, ரெண்டாவது ரன் முப்பது செகண்ட்ல முடிஞ்சா மெஷினுக்கு றெக்கை மொளச்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல.

இப்ப மெயின் கமாண்ட். டைம் மேக் -ஜே8. ஜேக்கு பக்கத்துல இருக்கற நம்பர்தான் ஒரே நேரத்துல எத்தனை வேலை ஓடணும்ங்கறது, உங்க மெஷின்ல எத்தனை த்ரெட்னு தெரியலேன்னா என்ப்ராக்னு அடிச்சா சொல்லும். அவுட்புட்டை டெவ் நல்லுக்கு (எதைப் போட்டாலும் காணாம போற எடம்) தள்ளிடுங்க, ஸ்கிரீன்ல வரிவரியா ஓடறது பாக்க அழகாத்தான் இருக்கும், டெஸ்ட்டுக்கு தேவையில்ல. ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னாடி மேக் க்ளீன். மேக் எம்ஆர்ப்ராப்பர் போட்டீங்கன்னா கான்ஃபிக்கும் சேர்ந்து போயிடும், மறுபடி டெஃப்கான்ஃபிக் போட மறந்துடாதீங்க.

ஒரு எச்சரிக்கை, -ஜேக்கு பக்கத்துல நம்பர் போட மறந்தா அது “எல்லையே இல்ல, எத்தனை முடியுமோ அத்தனை ஓட்டு”ன்னு எடுத்துக்கும். நூத்துக்கணக்கா கம்பைலர் ஒரே நேரத்துல எழுந்து நிக்கும், ராம் நெறஞ்சு ஸ்வாப்புக்கு (ராம் பத்தாதப்ப டிஸ்க்கை ராம் மாதிரி வெச்சுக்கறது) போயி மவுஸ் கூட நகராது. எனக்கு ஒரு வாட்டி ஆயிருக்கு, பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சதுதான் வழி.

முடிஞ்சதும் மூணு வரி வரும், ரியல், யூசர், சிஸ். ரியல்ங்கறது செவுத்துக் கடிகாரம் காட்டற நேரம், உங்க ஸ்கோர் அதுதான். யூசரும் சிஸ்ஸும் எல்லா கோரும் ஒழைச்ச நேரத்தோட கூட்டல். தம்பி லேப்டாப்ல ரியல் 6 நிமிஷம் 10 செகண்ட், யூசரும் சிஸ்ஸும் சேர்த்து 47 நிமிஷம். 47-ஐ 6.17-ஆல வகுத்தா 7.6 வருது, அப்ப 8 த்ரெட்ல சராசரியா 7.6 பிஸியா இருந்துச்சுன்னு அர்த்தம், நல்ல கணக்கு. இது 5, 6னு வந்தா பிராசசர் எதுக்கோ காத்துக் கெடந்திருக்கு, டிஸ்க்கா ராமான்னு தேடணும்.

இங்க ஒரு விஷயம் புதுசா பண்றவங்கள பயமுறுத்தும். அதே லேப்டாப்ல -ஜே1 போட்டப்ப யூசரும் சிஸ்ஸும் சேர்த்தே 23 நிமிஷம்தான். -ஜே8ல 47. ஒரே வேலைக்கு எப்படி ரெண்டு மடங்கு ஒழைப்பு? காரணம் இருக்கு. 8 த்ரெட்னாலும் உள்ள இருக்கறது 4 கோர்தான், ஒரு கோர்ல ரெண்டு த்ரெட், ஒரே அடுப்புல ரெண்டு பேர் தோசை ஊத்தற மாதிரி. ரெண்டு பேரும் நாள்பூரா அடுப்பு முன்னாடியே நின்னோம்னு கணக்கு குடுப்பாங்க, ஆனா கல்லு ஒண்ணுதானே. அதோட எல்லா கோரும் வேலை செய்றப்ப க்ளாக்கும் (பிராசசர் ஓடற வேகம்) எறங்கிடும். அதனால யூசர் ஏறினதைப் பாத்து பதறாதீங்க.

ஒரே ஒரு நம்பரை எடுத்துக்கிட்டு போயிடாதீங்க, -ஜே1, -ஜே2, -ஜே4, -ஜே8னு நாலையும் ஓட்டுங்க. நேரம் ஆகும்தான், ஒரு டீ போட்டுக் குடிச்சுட்டு வாங்க. ஜனவரில எனக்கு வந்தது இப்படி: 23 நிமிஷம், அப்புறம் 11 நிமிஷம் 50 செகண்ட், அப்புறம் ஏழரை, அப்புறம் 6 நிமிஷம் 10 செகண்ட். ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு கிட்டத்தட்ட பாதி. ரெண்டுல இருந்து நாலுக்கு பாதி ஆகல, ஏன்னா க்ளாக் எறங்குது. நாலுல இருந்து எட்டுக்கு கொஞ்சூண்டுதான் கொறையுது, அது அந்த தோசைக்கல் கதை. இந்த எறங்கற விதத்துலதான் மெஷினோட குணம் தெரியும். -ஜே4ஐவிட -ஜே8 மெதுவா வந்தா ஒண்ணு சூடு, இல்ல ராம் பத்தல.

எத்தனை கோர் போட்டாலும் டைம் ஒரு எடத்துக்கு மேல கொறையாது, அதுக்கு காரணம் எங்க ஊர் தேயிலை ஃபேக்டரியப் பாத்தாலே புரியும். கொழுந்து பறிக்க அம்பது பேரை எறக்கலாம், நூறு பேரைக் கூட எறக்கலாம், ஆனா பறிச்ச எலை எல்லாம் கடைசில அந்த ஒரே ட்ரையர் வழியாத்தான் போயாகணும். கெர்னல்ல அந்த ட்ரையர்தான் லிங்க் பண்றது. ஹெச்டாப்பை (ஒவ்வொரு த்ரெட்டும் எவ்ளோ பிஸின்னு பட்டையா காட்டற புரோகிராம்) பக்கத்துல தொறந்து வெச்சுக்கிட்டு கடைசி அரை நிமிஷத்தைப் பாருங்க, அதுவரைக்கும் மேல முட்டிக்கிட்டு இருந்த எட்டு பட்டையும் பொத்துனு விழுந்து ஒண்ணே ஒண்ணு மட்டும் நிக்கும், ஃபேன் சத்தம் கூட எறங்கும். விஎம்லினக்ஸ்னு எல்லாத்தையும் ஒண்ணா சேக்கறது, அப்புறம் அதை சுருக்கறது, ரெண்டுமே பெரும்பாலும் ஒத்தை ஆள் வேலை. கம்ப்யூட்டர் வடிவமைச்ச ஜீன் ஆம்டால் 1967லயே இதை சொல்லி வெச்சுட்டார். மொத்த வேலைல 5 சதவீதம் ஒத்தை ஆள் வேலைன்னா 8 கோர் போட்டாலும் 5.9 மடங்குதான் வேகம், 16 கோர் போட்டா 9.1, கோர் எண்ணிக்கை எவ்ளோ போனாலும் 20 மடங்கைத் தாண்டாது. அதனால 16 கோர் மெஷின் வாங்கிட்டு 8 கோர்ல பாதி டைம் வரலையேன்னு கடைல போய் சண்டை போடாதீங்க.

கோர் எண்ணிக்கையோட ஒண்ணு கூட்டி -ஜே9 போடணும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க. அது ஹார்ட் டிஸ்க் காலத்து பழக்கம், ஒருத்தன் டிஸ்க்குக்காக காத்திருக்கறப்ப இன்னொருத்தன் வேலை செய்வான்னு. எஸ்எஸ்டில பெரிய வித்தியாசம் இல்ல, எதையாவது ஒண்ணை போட்டு அதையே மாத்தாம இருங்க.

ராம் பத்தி சுருக்கமா. கெர்னலுக்கு 8 ஜிபில -ஜே8 தாராளம். ஆனா இதே டெஸ்ட்டை எல்எல்விஎம், குரோமியம் மாதிரி பெரிய சி பிளஸ் பிளஸ் சோர்ஸ்ல போட்டீங்கன்னா சில ஃபைலுக்கு ஒரு ஜாபே ஒரு ஜிபி தாண்டும், லிங்க் பண்றப்ப அதுக்கும் மேல. விஎம்ஸ்டாட் 1னு இன்னொரு டெர்மினல்ல ஓட விடுங்க, எஸ்ஐ, எஸ்ஓ ரெண்டு கட்டத்துலயும் ஜீரோ தவிர வேற நம்பர் தொடர்ந்து ஓடினா ஸ்வாப் ஆகுது, அந்த ரன்னை தூக்கிப் போட்டுட்டு ஜே நம்பரை கொறைங்க.

இப்ப நான் ஏமாந்த எடத்துக்கு வரேன், சூடு. லேப்டாப் பிராசசர் மொதல் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் முழு மூச்சுல ஓடும், அப்புறம் பவர் லிமிட்டுக்கு எறங்கும், அதுக்கப்புறமும் சூடு ஏறினா தன்னைக் காப்பாத்திக்க இன்னும் எறக்கிக்கும். மலை மேல இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் ஒசரம், காத்தழுத்தம் கடல்மட்டத்தைவிட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, ஊட்டி 2,240 மீட்டர், அங்க இன்னும் கம்மி. காத்து லேசா இருக்கறதால ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் கம்மியான சூட்டத்தான் வெளிய தள்ளும். ஆனா ரூமே 11 டிகிரின்னா அந்த நஷ்டமெல்லாம் எங்கயோ அடிபட்டுப் போயிடும். ஹீட் சிங்க்ல (சூட்டை வெளிய தள்ளற உலோகத் தகடு) குப்பை அடைச்சிருந்தாலும், பிராசசர் மேல தடவியிருக்கற பேஸ்ட் காஞ்சு போயிருந்தாலும், நம்ம குளிர் அதை மூடி மறைச்சுடும். கீழ 36 டிகிரில போட்டாத்தான் சாயம் வெளுக்கும்.

அதனால ஒரு ரன்னோட நிறுத்தாதீங்க, நடுவுல கேப் விடாம அஞ்சு ரன் ஓட்டுங்க, ஒரு ஃபார் லூப் போட்டா போதும். மொத ரன்னுக்கு முன்னாடி ஒரு வாட்டி சும்மா கம்பைல் பண்ணி விட்டுட்டு, பத்து நிமிஷம் ஆற விட்டு ஆரம்பிக்கணும். எதுக்குன்னா மொத ரன்ல ரெண்டு விஷயம் எதிரும் புதிருமா இழுக்கும், ஃபைல் எல்லாம் இன்னும் ராம் கேஷுக்கு வராததால மெதுவாகும், மெஷின் ஜில்லுனு இருக்கறதால வேகமாகும், ரெண்டும் சேர்ந்து ஒரு பொய் நம்பரை குடுக்கும். சோர்ஸை டார் (எல்லா ஃபைலையும் ஒரே கட்டாக்கற கமாண்ட்) போட்டு டெவ் நல்லுக்கு அனுப்பினா கேஷ் ஆயிடும்னு சிலர் பண்றாங்க, ஆகாது, போறது டெவ் நல்லுக்குன்னு தெரிஞ்சா குனு டார் ஃபைலைப் படிக்கவே படிக்காது, டபிள்யூசிக்கு (எழுத்து எண்ற கமாண்ட்) பைப் பண்ணி விடுங்க.

அஞ்சும் ஓடறப்ப க்ளாக்கை பாத்துக்கிட்டே இருங்க, ப்ராக் சிபியூஇன்ஃபோல மெகாஹெர்ட்ஸ் வரியை வாட்ச் போட்டா தெரியும், சூட்டுக்கு சென்சார்ஸ் கமாண்ட். அஞ்சுல நடுவுல வர்ற டைமை எழுதிக்கங்க, மொத ரன்னுக்கும் அஞ்சாவது ரன்னுக்கும் எவ்ளோ வித்தியாசம்ங்கறதையும் எழுதிக்கங்க, என்னைக் கேட்டா அந்த ரெண்டாவது நம்பர்தான் முக்கியம். சார்ஜர் மாட்டியிருக்கணும், கவர்னர் (க்ளாக்கை எவ்ளோ ஏத்தணும்னு முடிவு பண்ற செட்டிங்) பெர்ஃபார்மன்ஸ்ல இருக்கணும். ஜூன், ஜூலை மழைல மரம் விழுந்து நடு ரன்ல கரண்ட் போறது எங்க ஊர்ல சகஜம், லேப்டாப் பேட்டரிக்கு மாறி சத்தமில்லாம க்ளாக்கை எறக்கிடும், டைம் மட்டும் ஏறியிருக்கும். கரண்ட் போன ரன் செல்லாது.

வேகம் தவிர இன்னொண்ணும் இதுல தெரியும். கம்பைலர் திடீர்னு இன்டர்னல் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்னு நின்னுதுன்னா மறுபடி ஓட்டிப் பாருங்க. அதே ஃபைல்ல அதே எடத்துல நின்னா சாஃப்ட்வேர் கோளாறு. ஒவ்வொரு வாட்டியும் வேற வேற எடத்துல நின்னா பெரும்பாலும் ராம், இல்ல ஓவர்க்ளாக் (க்ளாக்கை அளவுக்கு மேல ஏத்தி ஓட்டறது), இல்ல சூடு. பிராசசரே காரணமா இருக்கறதும் உண்டு, 2017ல வந்த மொத தலைமுறை ரைசன் சிலதுல லினக்ஸ்ல நெறைய கம்பைல் ஒரே நேரத்துல ஓட்டினா இப்படி செக்மென்டேஷன் ஃபால்ட் வந்துச்சு, ஏஎம்டி அதை ஒத்துக்கிட்டு பிராசசரை மாத்திக் குடுத்தாங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கடைல நின்னுக்கிட்டே ஒரு அரை மணி நேரம் இதை ஓட்ட விடுங்கன்னு கேளுங்க, மூஞ்சி சுளிச்சாலும் பரவால்ல.

தம்பி மே மாசம் வந்தான், சீசன் கூட்டத்துல ஒக்கார எடமில்லாம மேட்டுப்பாளையத்துல இருந்து நின்னுக்கிட்டே. லேப்டாப்பை குப்புறப் போட்டு கழட்டினோம். ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல தூசி, தூசின்னு கூட சொல்ல முடியாது, கம்பளி மாதிரி ஒரு துண்டா உரிஞ்சு வந்துச்சு, பேஸ்ட் நகத்தால சொரண்டினதும் திருநீறா உதிர்ந்துச்சு. சுத்தம் பண்ணி புது பேஸ்ட் வெச்சு இங்கயே ஓட்டினோம், 5 நிமிஷம் 58 செகண்ட். “இவ்ளோதானாண்ணா, 12 செகண்டுக்கா இவ்ளோ பாடு”ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டான். எறங்கிப் போயி அன்னைக்கு ராத்திரியே அவன் ரூம்ல அஞ்சு ரன் ஓட்டிட்டு அனுப்பினான், நடு டைம் 7 நிமிஷம் 20 செகண்ட், மொத ரன்னுக்கும் கடைசிக்கும் 9 செகண்ட்தான் வித்தியாசம், ஏப்ரல்ல ஓடினப்ப 1.8 கிகாஹெர்ட்ஸ்ல படுத்துக் கெடந்த க்ளாக் இப்ப 2.3க்கு கீழ எறங்கவே இல்லையாம். என் நோட்டுல டைமுக்குப் பக்கத்துல ஊர், ரூம் டிகிரின்னு ரெண்டு கட்டம் புதுசா போட்டு அதை எழுதிக்கிட்டேன்.